இலியட்டை முதன்முறையாக வாசிக்க எப்படித் தயாராவது?

கேள்வி: ஆங்கில நாவல்கள் வாசிக்கும் பழக்கம் உண்டு. பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் போர்க் காவியமான இலியட்டை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் கப்பல் பட்டியலோடு நிறுத்திவிட்டேன். கிரேக்கத் தொன்மங்களை முழுமையாகப் படித்த பிறகுதான் இதற்குள் நுழைய வேண்டுமா? எந்த மொழிபெயர்ப்பு நல்லது? ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியிலிருந்து தொடங்கலாமா?

பதில்: கப்பல் பட்டியலோடு நின்றுபோனவர்கள் ஏராளம். இரண்டாம் காண்டத்தின் பிற்பகுதியில் 250 வரிகளுக்கு மேல் நீளும் அப்பட்டியல், எந்த ஊரிலிருந்து எந்தத் தலைவன் எத்தனை கப்பல்களுடன் வந்தான் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. முதல் வாசிப்பில் அதைத் தாண்டிச் செல்வதில் தவறேதும் இல்லை. அடுத்த காண்டத்திலேயே டிராய் நகரத்து மதில்மேல், போருக்குக் காரணமான ஹெலன் நின்று, கீழே தெரியும் கிரேக்கத் தலைவர்கள் சிலரை டிராயின் மன்னரான முதியவர் பிரையத்துக்கு அடையாளம் காட்டுகிறாள். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் அறிமுகம் அங்கே கிடைத்துவிடும்.

தொன்மங்களை எல்லாம் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. ஆனால் கிரேக்கர்கள் டிராயை முற்றுகையிட்ட போரின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு பக்க அளவிலாவது தெரிந்துகொண்டு வருவது அவசியம். ஏனென்றால் இலியட் அக்கதையை முழுமையாகச் சொல்வதில்லை. பத்தாம் ஆண்டுப் போரின் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, டிராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு அது முடிந்துவிடுகிறது. டிராயை வீழ்த்திய மரக்குதிரையும், கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலிஸின் மரணமும் அதற்குள் நிகழ்வதில்லை. அக்காலத்தில் கேட்டவர்களுக்கு முடிவு முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் கவிதை நகர்கிறது. ஆகவே, முடிவைத் தெரிந்துகொண்டால் சுவை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆறாம் காண்டத்தில் ஹெக்டர் மனைவியிடம் விடைபெற வரும்போது, தலைக்கவசத்தின்மேல் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு கைக்குழந்தை அலறுகிறது. பெற்றோர் இருவரும் சிரிக்க, அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி முத்தமிடுகிறான். அக்குழந்தைக்கு என்ன நேரப்போகிறது என்பதை அறிந்தவருக்கே அந்தச் சிரிப்பு முழுமையாகப் புரியும்.

அடுத்த தடை பெயர்கள். கிரேக்கர்கள் அக்கேயர், ஆர்கைவர், டனாயர் என மூன்று பெயர்களில் வருவார்கள், ஹெலனைக் கவர்ந்து வந்த டிராய் இளவரசன் பாரிஸே அலெக்சாண்டர், டிராயே இலியான், அக்கிலிஸ் பல இடங்களில் ‘பீலியஸின் மகன்’ என்று தந்தை பெயராலேயே சுட்டப்படுவான். இவற்றை ஒரு சிறு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாவல் வாசகர்களை அதைவிடவும் சோர்வடையச் செய்வது, திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளும் தொடர்களும்தான். அசையாமல் அமர்ந்திருக்கும்போதும் அக்கிலிஸ் விரைந்த கால்களை உடையவனாகவே இருப்பான். 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், யுகோஸ்லாவியாவின் எழுத்தறியாப் பாணர்கள் பாடிய நெடுங்கதைகளைப் பதிவுசெய்து, இத்தகைய தொடர்கள் பாடிக்கொண்டே கதை புனைபவருக்கு யாப்பை நிரப்பித் தரும் கருவிகள் என்பதை விளக்கினார். இந்த ஆய்வுமுறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி, அவருடைய அந்த ஆய்வு நூல் 1968இல் வெளிவந்தது. புறநானூற்றில் பழக்கம் உள்ளவருக்கு ஹோமர் அத்தனை அந்நியமாகத் தோன்றமாட்டார் என்பது என் எண்ணம். எப்படியும், முதல் காண்டத்தையாவது வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குச் சலிப்பூட்டும் தொடர்கள் காதுக்கு ஓய்வு தரும்.

அந்த முதல் காண்டத்தை மட்டும் அவசரமின்றி இரண்டு முறை வாசிக்கப் பரிந்துரைப்பேன். கிரேக்கப் படையின் தலைமை மன்னன் அகமெம்னான், தான் திருப்பியனுப்ப நேர்ந்த பெண்ணுக்கு ஈடாக, அக்கிலிஸுக்குப் பரிசாக வழங்கப்பட்டிருந்த பிரிசெயிஸ் என்ற சிறைப்பெண்ணைப் பறிக்கிறான். படை முழுவதும் பார்க்க வழங்கப்பட்ட போர்ப்பரிசே ஒரு வீரனின் மதிப்புக்குச் சான்று என்ற வழக்கத்தை மனத்தில் கொள்ளாவிட்டால், அக்கிலிஸின் சினம் வெறும் பிடிவாதமாகத் தெரியும். அவன் வாளை உருவும்போது, வேறு எவர் கண்ணுக்கும் தெரியாமல் பின்னால் வந்து நின்று அதீனா தேவி அவன் தலைமுடியைப் பற்றி இழுக்கிறாள். கடவுளர் இவ்வாறு நேரில் தலையிடுவதை உருவகமாகச் சுருக்கிவிடாமல், அப்படியே நடந்ததாக ஏற்றுக்கொண்டு தொடருங்கள்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, ரிச்மண்ட் லாட்டிமோர் (1951) மூலத்தின் வரிகளையும் மீள்தொடர்களையும் ஒட்டியே செல்வார். ராபர்ட் ஃபேகிள்ஸ் (1990) சுதந்திரமும் வேகமும் மிக்கவர். எமிலி வில்சன் (2023) சந்தத்தோடு கூடிய எளிய இன்றைய ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். உங்களைப் போன்றவருக்கு வில்சனோ ஃபேகிள்ஸோ பொருந்தும். மூல கிரேக்கம் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஒடிசியிலிருந்து தொடங்கினால் வாசிப்பு எளிதாக இருக்கும், 12,000 வரிகளைச் சற்றே தாண்டும் அளவில் அது இலியட்டைவிடக் குறுகியதும் ஆகும். ஆயினும் அங்கே உலவும் பலர் இலியட்டின் போரிலிருந்து மீண்டவர்கள் அல்லது அதில் மாண்டவர்கள் என்பதால், இலியட்டை முதலில் வாசிப்பதையே நான் விரும்புவேன். அதன் 24 காண்டங்களும் ஏறக்குறைய 400 முதல் 900 வரிகளுக்குள் அடங்குபவை. ஓர் அமர்வுக்கு ஒரு காண்டம் போதுமானது. ஐந்தாவது காண்டம்தான் மிக நீளமானது, அதுவும் முழுக்கப் போர்க்களம். அதை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.