காசிமேட்டுக் கண்ணோடு பாங்காக் சந்தைக்கு

தாய்லாந்துப் பயணம் குறித்து வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் பாங்காக் செல்ல இருக்கிறோம். அங்கே அவர் பட்டினி கிடக்க நேருமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அறியாமலே மீனைச் சாப்பிட்டுவிடுவார். அந்நாட்டுச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் செய்வது 'நாம் பிளா' என்னும் மீன்சாறு. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு, மாதக்கணக்கில் ஊறவைத்து, வடித்தெடுப்பது அது. அதற்கு அடுத்தது 'கப்பி' எனப்படும் புளிக்கவைத்த இறால் விழுது. பச்சைக் குழம்புக்கும் சிவப்புக் குழம்புக்கும் அரைக்கும் மசாலாவிலேயே இந்த விழுது சேர்ந்துவிடுவதால், கிண்ணத்தில் கத்தரிக்காயும் தேங்காய்ப்பாலும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும் அது சைவக் குழம்பு ஆகிவிடாது. பப்பாளிக்காயைச் சீவி உரலில் இடித்துத் தரும் 'சோம் தாம்' பார்வைக்கு நம் கோசுமல்லியைப் போலவே இருக்கும். அதிலும் உலர்ந்த இறாலும் மீன்சாறும் விழும்.

ஆகவே உங்கள் மாமியாருக்காக நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் 'ஜே' என்பதுதான். சீன மரபிலிருந்து வந்த நோன்புச் சைவத்தின் பெயர் அது. மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பு எழுத்தில் அச்சொல்லை எழுதிக் கடை வாசலில் கட்டியிருப்பார்கள். தாய் எழுத்து தெரியாத நம் கண்ணுக்கு அது '17' என்ற எண்ணைப் போலத் தோன்றும் என்பதால், அடையாளம் கண்டுகொள்வது எளிது. ஜே உணவில் மீன்சாறு, முட்டை, பால் எதுவும் இராது. பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. இவ்வளவு கறாரான சைவத்தை உங்கள் மாமியாரே எதிர்பார்த்திருக்க மாட்டார். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் நோன்பின்போது சென்றால், தெருவெங்கும் மஞ்சள் கொடிதான். மற்ற நாட்களில் தயிர்ச்சோறு இல்லாமல் முடியாது என்றால், பாஹுராத் பகுதியில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மீன் வியாபாரத்தில் இருக்கிறது. பாங்காக்கில் ஒரு நாள்தான் கையில் இருக்கும். எல்லோரும் மிதக்கும் சந்தையைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கே போகலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: மிதக்கும் சந்தை என்று எல்லோரும் சொல்வது ராச்சபுரி மாகாணத்தின் தாம்னோன் சாதுவாக்கைத்தான். படகில் அமர்ந்து, படகில் வரும் நூடுல்ஸை வாங்கிச் சாப்பிடுவது ஒரு சுகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இன்று அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணிகளே. உள்ளூர்க்காரர் வீட்டுக்குக் காய்கறி வாங்கும் சந்தையாக அதை நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விடியற்காலையில் மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்வது மே குலோங் சந்தையை. பாங்காக்குக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய எழுபது எண்பது கிலோமீட்டரில், சமுத் சோங்க்ராம் மாகாணத்தில் இருக்கிறது. சந்தையின் நடுவே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. ரயில் வரும் நேரத்தில் வியாபாரிகள் தலைக்கு மேலுள்ள துணிப்பந்தலை மடக்கி, கூடைகளை ஒரு முழம் உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். தண்டவாளத்தை ஒட்டித் தாழ வைத்த காய்கறித் தட்டுகளைச் சிலர் எடுப்பதுகூட இல்லை; அவற்றின் மேலேயே ரயில் பெட்டி கடந்துபோகிறது. போன மறு நிமிடம் பந்தல் விரிந்து, விட்ட இடத்திலிருந்து பேரம் தொடர்கிறது. 'குடை மடக்கும் சந்தை' என்பது ஊரார் வைத்த பெயர்.

படம் எடுக்க வருகிறவர்கள் ரயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் மீன் கூடைகளைப் பாருங்கள். அந்த ஊரின் பெருமை 'பிளா தூ' என்னும் மீன். நம் கானாங்கெளுத்திக்குப் பங்காளி முறை, சற்றே குட்டையான உடல். அவித்த மீனின் கழுத்தை வளைத்து, சிறிய மூங்கில் தட்டில் இரண்டு மூன்றாக அடுக்கி விற்கிறார்கள். தட்டுக்குள் அடங்க வேண்டுமே என்று வளைத்த கழுத்து, காலப்போக்கில் அந்த மீனுக்கே அடையாளமாகிவிட்டது. அதைப் பொரித்து, கப்பியும் மிளகாயும் இடித்த துவையலோடும் வேகவைத்த காய்களோடும் சோற்றில் சேர்த்துச் சாப்பிடுவார்கள். கருவாட்டுத் தொக்கு இருக்கும் நாளில் நம் வீடுகளில் சோறு குறைவதைப் போலவே அங்கும் குறையும். வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான நாளென்றால், அருகிலுள்ள அம்பாவா கால்வாய்ச் சந்தையை மாலையில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்; படகு ஆசையும் தீரும்.

பாங்காக்கை விட்டு நகர நேரமில்லை என்றால், வார இறுதியில் கூடும் சாத்துச்சாக் சந்தைக்கும் அதன் எதிரே உள்ள ஓ தோ கோ சந்தைக்கும் போகலாம். முன்னதில் துணிமணிக்குச் சிரித்த முகத்தோடு பேரம் பேசலாம். சமைத்த உணவுக்கு எங்கேயும் பேரம் பேசக் கூடாது. இரவில் தூக்கம் வராவிட்டால் பாக் குலோங் தலாத் பூச்சந்தைக்குச் செல்லுங்கள். மல்லிகையை மலைபோலக் குவித்து, கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள். பாரிமுனை பூக்கடையில் நிற்பதாகவே தோன்றும்.

கேள்வி: பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிட்டு வளர்ந்தவன் நான். தாய்லாந்து நூடுல்ஸும் அதுவும் ஒன்றுதானா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, வேகவைத்த நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தருவது. இதற்குச் சொந்தக்காரரைத் தேடினால் பாங்காக்கில் கிடைக்க மாட்டார்; வடக்கே, பர்மா எல்லையை நெருங்கிய சியாங் மாய் நகரில் கிடைப்பார். அங்குள்ள 'காவ் சோய்', மசாலா கலந்த தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸை இட்டு, மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸைத் தூவி, கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை ஆகியவற்றோடு தருவது. பர்மாவின் தேங்காய்ப்பால் நூடுல்ஸான கவுசுவேயோடு இதன் பெயரும் ருசியும் ஒட்டி வருவதை உங்கள் நாக்கே கண்டுபிடித்துவிடும். பெயர்பெற்ற 'பாட் தாய்' வேறு வகை; இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி, அன்றைய பிரதமர் பிபுன் சோங்க்ராமின் அரசு நாட்டுணர்வை வளர்க்கவென்று பரப்பிய உணவு அது. எனக்கு அதன் இனிப்பு சற்றுத் திகட்டும்.

கேள்வி: அங்கே குச்சியால் சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டுமா?
– வாசகி, இராயபுரம்

பதில்: வேண்டியதில்லை. சோற்றுக்கு வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ளுவதற்கு மட்டுமே, வாய்க்குள் போகாது. குச்சி சீன வகை நூடுல்ஸுக்குத்தான். ஒட்டும் தன்மையுள்ள அரிசிச் சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுவார்கள். அப்போது நாம் அவர்களுக்கே பாடம் எடுக்கலாம்.

கேள்வி: சந்தை, சாப்பாடு தவிர, தமிழர் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா? கோயில்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: மார்கழியில் திருவெம்பாவை ஒலிக்கும் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பாங்காக்கின் பழைய நகரில், சிவப்பு வண்ணம் பூசிய உயரமான தேக்குத் தூண்களோடு ஒரு பெரும் ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. முதலில் அமைத்தது 1784இல். அருகிலுள்ள 'தேவஸ்தானம்' என்னும் இந்துக் கோயிலைச் சேர்ந்த அரசவை அந்தணர்கள் நடத்தும் விழாவின் பெயர் 'திரியம்பாவாய்'. திருவெம்பாவையே அப்பெயரில் மருவி நிற்கிறது. ஆபத்தான ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனாலும் வழிபாடு தொடர்கிறது. சீலோம் சாலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் நீங்கள் பார்க்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் தாய்லாந்து மக்களே. தெற்கே கிராபி பக்கம் போகிறவர்கள், குலோங் தோம் ஊரில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல்லைப் பற்றி விசாரியுங்கள். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது.

நடத்தையைப் பொறுத்தவரை, தோளும் முழங்காலும் மூடிய உடை, வாசலில் கழற்றிய செருப்பு, புத்தர் சிலையை நோக்கி நீட்டாத கால் ஆகியவை போதும். பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது. எந்தக் குழந்தையின் தலையையும் யாரும் தட்டக் கூடாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் நாட்டுப்பண் ஒலித்தால், பூங்காவில் ஓடிக்கொண்டிருப்பவர்கூட அசையாமல் நிற்பார், நீங்களும் நில்லுங்கள். மன்னரைப் பற்றி விளையாட்டாகவும் பேசாதீர்கள், சட்டம் கடுமையானது. 'கின் காவ் ரூ யாங்' என்று யாராவது கேட்டால் பதறவும் வேண்டாம். நம் ஊர் 'சாப்டாச்சா' அதுவே.

கேள்வி: சமையலுக்கு என்ன வாங்கி வரலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உலர்ந்த எலுமிச்சை வகை இலை, பனைவெல்லம், குழம்பு விழுது. விழுதும் விமான நிலையத்தில் திரவக் கணக்கில்தான் சேரும் என்பதால் கைப்பையில் வைக்காதீர்கள். செடியும் விதையும் பச்சைப் பழமும் வேண்டாம். ஆங் சிலா ஊரின் கருங்கல் உரல் ஆசை காட்டும். அதைத் தூக்கிய பிறகு, பெட்டியில் வேறெதற்கும் எடை மிச்சமிருக்காது. கப்பி வாங்கினால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பட்டுப்புடவை தீபாவளி வரைக்கும் கருவாட்டுக் கடை வாசனையோடு இருக்கும்.