ஒளியை நினைவில் வைக்கும் கரிம மின்னணுச் சாதனம் எப்படி வேலை செய்கிறது? எம்.எஸ்சி. ஆய்வுக்கு எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். உதகையில் படிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவே உங்களுக்கு ஒரு வசதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பென்டசீன் போன்ற கரிமக் குறைக்கடத்தியால் ஆன டிரான்சிஸ்டர்மீது ஒளி பட்டதும் எலக்ட்ரான்களும் மின்துளைகளும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற, நேர்மின்னூட்டம் போல நகரும் வெற்றிடங்கள்) பிறக்கின்றன. எலக்ட்ரான்களில் பல, அடியிலுள்ள மின்காப்புப் படலத்தை ஒட்டிய இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. அவை விடுபடும் வரை மின்துளைகளும் மீந்திருக்கும். அதனால், விளக்கை அணைத்த பிறகும் மின்னோட்டம் சட்டென்று நிற்காமல் மெல்லத் தேய்கிறது. வேகமான ஒளியுணரி செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. செயற்கை சினாப்ஸ், அதாவது நரம்பு இணைப்பைப் போல் நடந்துகொள்ளும் சாதனம், செய்பவர்களுக்கோ இதுதான் முதலீடு!

அந்தத் தேய்வு முடிவதற்குள் இன்னொரு ஒளித்துடிப்பு கொடுத்துப் பாருங்கள். மின்னோட்டத்தின் இரண்டாவது உச்சம் முதலாவதைவிட உயரமாக எழும். இடைவெளியைக் கூட்டக் கூட்ட அந்த வித்தியாசம் குறையும். நம் உடலின் பல நரம்பு இணைப்புகளிலும் இதே போக்கைக் காணலாம்: முதல் துடிப்பில் நுழைந்த கால்சியம் முழுவதும் அகலும் முன் அடுத்த துடிப்பு வந்தால், அடுத்த நரம்புக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேதிக்கடத்தி அதிகமாகச் சுரக்கிறது. துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்தால் சாதனத்தின் நினைவும் நீளும். டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் முனையில் தகுந்த மின்னழுத்தம் கொடுத்து அதை அழிக்கவும் முடியும்.

பயன் என்ன என்று கேட்டிருந்தீர்கள். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டத்தைக் கவனிக்கும் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் இலை அசைந்தாலும் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும். இத்தகைய உணரியில், நகரும் விலங்கு சற்று முன் இருந்த இடத்தின் பதிவு மங்கலாகவும் இப்போது இருக்கும் இடத்தின் பதிவு அழுத்தமாகவும் நிற்கும். ஒரே வாசிப்பில் அது வரும் திசை தெரிந்துவிடும். என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டிருப்பது இதுதான். ஆனால் பென்டசீன் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே உறிஞ்சும். இரவுக் காவலுக்கு அகச்சிவப்பை உறிஞ்சும் கரிமப் பொருள் வேண்டும்.

அடுத்த சிக்கல் ஈரம். நீராவியும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்தால் எலக்ட்ரான் சிக்கும் இடங்கள் மாறும். நினைவின் நீளமும் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அடைமழையும் மூடுபனியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சமவெளியில் அறைக்குள் ஈரத்தைச் செயற்கையாக உண்டாக்கித்தான் சோதிக்க வேண்டும்; உங்களுக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது. ஒரே தொகுதியில் செய்த சாதனங்களில் பாதியை மெல்லிய பாதுகாப்புப் படலத்தால் மூடுங்கள், மீதியைத் திறந்தே விடுங்கள். மழைக்காலம் முழுவதும் இரண்டின் தேய்வு வளைகோடுகளையும் அளந்து ஒப்பிடுங்கள்.