சபைச் சொத்து யார் பெயரில் இருக்கிறது?

கடலூர், புதுச்சேரி ஆலய நிர்வாகிகள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

எங்களுடையது தனிச் சபை. 2009இல் விசுவாசிகளின் காணிக்கையில் 8 சென்ட் மனை வாங்கி ஆராதனைக் கூடம் கட்டினோம். பத்திரம் பாஸ்டர் ஐயா பெயரில் இருக்கிறது. அவருக்கு 71 வயது. "சபைக்கே உயில் எழுதிவிடுகிறேன்" என்கிறார். அது போதுமா?
– சபைச் செயலாளர், திருப்பாதிரிப்புலியூர்

போதாது. உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அவர் காலமான பிறகு வாரிசுகள் எதிர்த்து வழக்குப் போட்டால் கூடத்துக்குப் பூட்டு விழும். பாஸ்டர் ஐயாவின் மனசை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும்வரை, அவருக்குப் பின் சட்டம் முதலில் பார்ப்பது அவர் குடும்பத்தைத்தான்.

கிறிஸ்தவர் இறப்பதற்கு ஓராண்டுக்குள் எழுதிய உயிலில் சமயக் காரியத்துக்குச் சொத்துக் கொடுத்தால் செல்லாது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த 118ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003இலேயே ரத்து செய்துவிட்டது. அதற்காக இல்லை; உயிலைவிட உறுதியான வழி இருக்கிறது என்பதற்காகவே வேண்டாம் என்கிறோம்.

முதல் வேலை, சபைக்குச் சட்டப்படி ஓர் உருவம் கொடுப்பது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதியலாம். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. புதுச்சேரியில் தெரிந்த சபையின் துணைவிதிகளை வாங்கி நகலெடுத்துக் கடலூர் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்காதீர்கள். புதுச்சேரியில் நடப்பில் இருப்பது 1860ஆம் ஆண்டுச் சட்டம்; உங்கள் மனு திரும்பி வந்துவிடும்.

பதிவு கிடைத்ததும் சபையின் பெயரில் பான் அட்டை, இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கு. அதன் பிறகு பாஸ்டர் ஐயா சபைக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவர் பிள்ளைகளையே சாட்சிகளாக வைத்துக்கொண்டால் "எங்களுக்குத் தெரியாமல் எழுதினார்" என்ற பேச்சு பின்னால் எழாது. தானத்தை, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றிருக்க வேண்டும். எனவே குழு கூடித் தீர்மான நோட்டில் ஏற்புத் தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

செலவு இருக்கிறது. குடும்பத்துக்கு வெளியே எழுதும் தானத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டடத்தோடு சேர்த்துச் சொத்தின் சந்தை மதிப்பு 20 லட்சம் என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகும். கோர்ட்டுக்கு அலைவதோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. முன்னதாக 2009 முதல் வில்லங்கச் சான்று போட்டு, மனை அடமானத்தில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்த பின் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் சபை பெயருக்கு மாற்றுங்கள். மனை வாங்கிய காலத்துக் காணிக்கைக் கணக்கு நோட்டுகளை எக்காரணம் கொண்டும் எடைக்குப் போடாதீர்கள். சபைப் பணத்தில் வாங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று: வழிபாட்டுக் கூடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. வீடு என்று சொல்லி வரைபட அனுமதி வாங்கியிருந்தால், புகார் வரும்வரை காத்திருக்காமல் அதையும் இப்போதே சரி செய்யுங்கள்.

பாரிசில் இருக்கும் எங்கள் பங்கு மக்கள் சிலர் ஆலயத் திருவிழாவுக்கு 2 லட்ச ரூபாய் தர விரும்புகிறார்கள். வாங்கலாமா?
– பங்குப் பேரவை உறுப்பினர், அரியாங்குப்பம்

கொடுப்பவரின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பாண்டிச்சேரிக் குடும்பங்களில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று இருப்பது சாதாரணம். சட்டத்தின் முன் இருவர் பணமும் ஒன்றல்ல.

தம்பி பாரிசில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ரசீதோடு அவர் பாஸ்போர்ட் நகலையும் கோப்பில் வையுங்கள். அண்ணனிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் அவர் வெளிநாட்டவரே. திருவிழாவுக்கு ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகக் கையில் கொடுத்தாலும், உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து செக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். "ரூபாயில்தானே கொடுத்தார்" என்று நினைத்துச் சிக்கியவர்கள் உண்டு.

அந்தப் பணத்தை வாங்க 2010ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அந்தக் கணக்கில் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. எந்த அமைப்பின் பெயரில் பதிவு இருக்கிறது, உங்கள் பங்கு அதற்குள் வருகிறதா என்பதை உயர்மறைமாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனிச் சபைகள் புதிதாகப் பதிய 3 ஆண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டில் தம் நோக்கங்களுக்காக 15 லட்ச ரூபாய் செலவழித்த கணக்கும் காட்ட வேண்டும். அது இல்லாதவர்கள், குறிப்பிட்ட ஒருவர் தரும் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம்.

இரண்டு குறுக்கு வழிகளை யாராவது சொல்லித் தருவார்கள். ஒன்று, பதிவுள்ள வேறொரு சங்கத்தின் கணக்கில் வாங்கி நமக்கு மாற்றிக்கொள்வது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றிக் கொடுப்பதற்கே தடை. மற்றொன்று, அண்ணன் தம்பிக்கு அனுப்பி, தம்பி தன் பணம்போல் ஆலயத்துக்குக் கொடுப்பது. இரண்டையும் தொடாதீர்கள். மீறினால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பதிவுள்ள அமைப்பு, ஒரு பைசா வராத ஆண்டிலும் டிசம்பர் 31க்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

பாஸ்டர் யார் வேண்டுமானாலும் திருமணம் நடத்தி வைக்கலாமா?
– நெல்லிக்குப்பம் வாசகர்

முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர்கள் தம் திருச்சபை முறைப்படி நடத்தலாம். தனிச் சபைப் போதகர்களுக்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தி வைத்தால் 10 ஆண்டு வரை சிறை. உரிமம் பெற்றவர் மணமக்களில் ஒருவரிடம் முன்கூட்டியே திருமண அறிவிப்பு வாங்கி ஆலயத்தில் ஒட்ட வேண்டும். அந்த அறிவிப்புக்கு அவர் சான்று தந்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். போதகரைத் தவிர இரண்டு சாட்சிகள் தேவை.

கோயில் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. திருமணத்தன்றே மணமக்கள் கையில் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் உதவிய ஒருவரைப் பற்றி ஒரு குழந்தை தன் தாயிடம் சொல்லியிருக்கிறது. பெற்றோர் "வெளியே தெரிய வேண்டாம், சபைக்குள் பேசி முடிப்போம்" என்கிறார்கள். குழு என்ன செய்ய வேண்டும்?
– ஊர், பெயர் வேண்டாம்

இன்றே காவல் துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். பெற்றோர் வேண்டாம் என்பது உங்கள் கடமையை நீக்காது. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. தம் கீழ் பணிபுரிபவரைப் பற்றித் தெரிந்தும் நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை.

"முதலில் நாமே விசாரிப்போம்" என்று கிளம்பாதீர்கள். குழந்தையை உட்கார வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது, அதனிடம் எழுதி வாங்குவது, சம்பந்தப்பட்டவரை எதிரே நிறுத்துவது எல்லாமே குழந்தையை நோகடிக்கும், வழக்கையும் கெடுக்கும். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் பேசியவர் பதவியையும் குறித்து வையுங்கள். அந்த நபரை அந்த நிமிடமே பிள்ளைகள் பக்கம் வராமல் நிறுத்துங்கள்.

பெற்றோரின் பயம் நியாயமானது. அவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம், பதிவு செய்யும் போலீசார் சீருடையில் வரக் கூடாது, குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஜெபக் குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடுவதும் அதில் அடங்கும்.

தேர் பவனி முடிய இரவு 11 ஆகிறது. மைக் போடலாமா?
– முத்தியால்பேட்டை

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. சமயத் திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு தரலாம். உங்கள் திருவிழா நாள் அதில் இருந்தால்தான் உண்டு. பகலில் போடுவதற்கும் எழுத்து மூலம் அனுமதி தேவை. குழாய் ஸ்பீக்கரைத் தவிர்த்துப் பெட்டி ஸ்பீக்கரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தாலே பாதிப் புகார் வராது. தேர் நிலைக்கு வர நேரமாகும் என்றால் 10 மணிக்கு மைக்கை அணைத்துவிடுங்கள். கடைசித் தெருக்களில் மக்கள் வாயாலேயே செபமாலை சொல்லி வரட்டும்.