மாற்று விமானத்தில் ஏறிவிட்டால் இழப்பீடு கேட்க முடியாதா?

கேள்வி: ஜெர்மனியில் படிக்கிறேன். விமானம் என்றால் எனக்கு உயிர். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை வரும்போது என்ஜின் கோளாறு என்று காக்க வைத்து, கடைசியில் வேறொரு நிறுவனத்தின் ஏ340 விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். நான்கு என்ஜின் விமானத்தில் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் சென்னை சேர ஐந்து மணி நேரம் தாமதம். 'மாற்று விமானத்தில் ஏறியாச்சு, இனிமேல் ஒன்றும் கேட்க முடியாது. பாதி எனக்கென்றால் வாங்கித் தருகிறேன்' என்கிறார் ஊரில் உள்ள ஏஜென்ட். உண்மையா?

பதில்: இல்லை. ஏறியதால் எந்த உரிமையும் போகவில்லை. ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் 261/2004 என்ற விதி உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ. டிக்கெட் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது கணக்கிலேயே வராது.

யாரிடம் கேட்பது? ஏ340-இன் சொந்தக்காரரிடம் அல்ல. விமானத்தைப் பணியாளர்களோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது இத்துறையில் வழக்கம். 'வெட் லீஸ்' என்பார்கள். அப்போதும் பொறுப்பு வாடகைக்கு எடுத்த நிறுவனத்துக்கே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. 'அவர்களைக் கேளுங்கள்' என்று கைகாட்டினால் நம்பாதீர்கள்.

அடுத்து, 'அசாதாரணச் சூழ்நிலை, இழப்பீடு இல்லை' என்று ஒரு மின்னஞ்சல் வரும். புயல், விமான நிலையத்தை மூடியது, பறவை மோதியது போன்றவற்றுக்கு இந்த விலக்கு நியாயம். வழக்கமான என்ஜின் பழுதுக்குக் கிடையாது. 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. விமானத்தைப் பராமரிப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை, அதில் வரும் கோளாறும் அவர்கள் பாடு. பறவை மோதி என்ஜின் கெட்டது என்றால் கதை வேறு. அதனால் 'என்ஜின் கோளாறு' என்று அறிவித்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். பிறகு காரணத்தை மாற்றிச் சொன்னால் அதுதான் உங்கள் சாட்சி.

உங்களைப் போன்ற ஆர்வலர்கள் சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நிமிடத்தைத்தான் குறித்து வைப்பீர்கள். சட்டத்துக்கு அது போதாது. கதவு திறந்து பயணிகள் இறங்கலாம் என்றான நேரம்தான் வருகை நேரம். ஐந்து மணி நேரத்தில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இவ்வளவு தூரப் பயணத்தில் மூன்று மணி நேரத் தாமதத்துக்கு 300 யூரோ, நான்கைத் தாண்டினால்தான் 600. அந்த எல்லையில் நிற்பவர்களுக்கு, தரை தொட்டதற்கும் கதவு திறந்ததற்கும் இடையிலான பத்து நிமிடம் முந்நூறு யூரோ.

இழப்பீடு வாங்கித் தரும் இணைய நிறுவனங்களும் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விமான நிறுவனத்தின் இணையப் படிவத்தை நீங்களே நிரப்பக் காசு வேண்டாம். போர்டிங் பாஸும் வங்கிக் கணக்கு விவரமும் போதும். பணத்துக்குப் பதில் வவுச்சர் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். காத்திருந்தபோது சாப்பிட்ட சாப்பாட்டுக் கூப்பனை இதில் கழிக்கவும் விடாதீர்கள், அது தனி.

எந்த விமானம் எத்தனை மணி நேரம் தாமதம் என்பது நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கிறது. அவர்களே பணத்தை அனுப்பிவிடலாம். விதி நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டு கடந்தும் பயணிதான் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டும் என்பது அநியாயம்.

இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், பெர்லினில் உள்ள பயண, போக்குவரத்துச் சமரச அமைப்பிடம் போகலாம். பயணிக்குக் கட்டணமில்லை. ஜெர்மன் சட்டப்படி, பயணம் செய்த ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு வரை கேட்கலாம்.