யார் சொல்லி எழுதியது?

கேள்வி: தாத்தா பிறந்த வருஷம் பள்ளிச் சான்றிதழில் 1911, ஓய்வூதியத் தாளில் 1913, இறப்புப் பதிவில் உள்ள வயதைக் கழித்துப் பார்த்தால் 1908. குடும்ப மரத்தில் எதை எழுதுவது?

பதில்: மூன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பென்சிலால், அது யார் சொல்லி எழுதியது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா தன் சாவைத் தானே போய்ப் பதிந்திருக்க மாட்டார். மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ போயிருப்பார். “வயசு என்ன?” “எழுபத்தஞ்சு இருக்கும்.” எழுத்தர் 75 என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ‘இருக்கும்’ என்ற சொல் மட்டும் பதிவேட்டில் ஏறாது.

அரசாங்கமே வயதை மாற்றியதும் உண்டு. இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயது தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லி விதி இருந்தது. 39 வயதுக்காரர் 35 ஆனார். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் அன்றைய கணக்குப்படி 1731 பிப்ரவரி 11. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல் நாட்காட்டியை மாற்றியதும் அதே நாள் 1732 பிப்ரவரி 22 ஆகிவிட்டது. இரண்டுமே சரிதான்.

இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. என் அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தபோது, அவர் சொல்லிவந்த வருஷத்துக்கு இரண்டு வருஷம் முந்தியே பதிவு இருந்தது. அதே பெயர், அதே தாய் தகப்பன். “வயசைக் குறைச்சுச் சொல்லியே ரெண்டு வருஷம் கூடச் சம்பளம் வாங்கியிருக்கார் பாருங்க” என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து, வேறு யாரையோ தேடி இறப்புப் பதிவேட்டைப் புரட்டுகிறேன், மறுபடி அந்தப் பெயர். வயது 11 மாதம். காரணக் கட்டத்தில் ‘ஜுரம்’. தகவல் கொடுத்தவர்: தகப்பன். போன பிள்ளையின் பெயரையே அடுத்து வந்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். பாட்டி அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்க அப்போது அவரும் இல்லை.

அன்றிலிருந்து, ஒரு பிறப்புப் பதிவு கிடைத்தால் அடுத்த ஐந்து வருஷத்து இறப்புப் பதிவையும் பார்க்காமல் மரத்தில் ஏற்றுவதில்லை.

கேள்வி: நாங்கள் ராஜ வம்சம் என்று பெரியப்பா சொல்கிறார். நிரூபிக்க முடியுமா?

பதில்: பெற்றோர் இரண்டு பேர், தாத்தா பாட்டி நாலு பேர். இப்படியே பெருக்கினால் பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 பேர், முப்பதில் நூறு கோடியைத் தாண்டும். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை ஜனம் இல்லை. ஒரே ஆள் மரத்தில் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார் என்று அர்த்தம். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸின் அம்மா, சார்லஸின் அப்பாவுக்கே தங்கை மகள்! இத்தனை கட்டங்களில் ஒரு ராஜா உட்கார்ந்திருந்தால் வியப்பில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மரத்திலும் அவரே இருக்கலாம். நிரூபிக்க ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் வேண்டும். பெரியப்பாவிடம் இதை யார் சொன்னார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. மகள் விளையாட்டாக டி.என்.ஏ. பரிசோதனை வாங்கிக் கொடுத்தாள். முன்பின் தெரியாத 63 வயதுப் பெண்மணியோடு எனக்கு 25 சதவீதம் பொருந்துகிறதாம். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு 84. தூக்கமே வரவில்லை. (பெயர் வேண்டாம்.)

பதில்: 25 சதவீதம் என்பது ஒரே உறவைச் சொல்வதில்லை. பாட்டி–பேத்தி, அத்தை–அண்ணன் மகள், சித்தி–அக்கா மகள், அப்பாவோ அம்மாவோ மட்டும் ஒருவராக உள்ள சகோதரிகள், எல்லாமே ஏறக்குறைய அந்த அளவுதான். ஐந்து வயது வித்தியாசத்தில் பாட்டி இல்லை. தாத்தா பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் பிறந்து வேறெங்கோ வளர்ந்த பெண்ணாக இருக்கலாம். அல்லது உங்கள் அக்காவாக இருக்கலாம். அப்பா வழிதான் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். கடிதத்தில் அம்மாவைப் பற்றி அந்தச் சந்தேகமே இல்லை. தாள் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் பெண்கள் என்பதால் ஒரு வழி இருக்கிறது. ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ் குரோமோசோம். அதை எல்லா மகள்களுக்கும் அப்படியே கொடுக்கிறார். உங்கள் இருவருக்கும் அப்பா ஒருவர் என்றால் எக்ஸ் முழு நீளத்துக்கும் பொருந்தியாக வேண்டும். நடுவில் அறுந்தால் இருவருக்கும் ஒரே அப்பா இல்லை. முடிவுகளில் எக்ஸ் ஒப்பீடு இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை அம்மாவிடம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவேளை அவருக்கு அறுபது வருஷமாகத் தெரிந்த விஷயமாகவும் இருக்கலாம். அந்தப் பெண்மணிக்கு எழுதுங்கள், ஆனால் ராத்திரியில் எழுதாதீர்கள். “நமக்குள் நெருங்கிய உறவு என்று காட்டுகிறது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” போதும். அவரும் இதே நேரத்தில் விழித்துக்கொண்டு கிடக்கலாம்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012-ல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. தாய்வழி உறவினரின் மரபணு பொருந்தியது. காகிதப்படி ஆண்வழி உறவினர்களுடைய மரபணுவோ பொருந்தவில்லை. நடுவில் எங்கேயோ ஒரு தகப்பன் காகிதத்தில் மட்டும் தகப்பன். அரண்மனைக் கதையே இப்படித்தான்.

கேள்வி: அத்தைக்கு 86. பழசெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என்ன கேட்பது?

பதில்: கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஒரு பழைய போட்டோவை மடியில் வையுங்கள். நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார் என்று கேளுங்கள். செல்போனில் பதிவு ஓடட்டும். அத்தை சொல்லும் பெயர்களைப் போட்டோவின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் மட்டும் எழுதிவிடாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும். மெத்தென்ற பென்சில், ஓரமாக. கீழே இதையும் சேருங்கள்: ‘அத்தை சொன்னது’, தேதி.