அப்பா கேட்டது சரியான கேள்வி

கேள்வி: கொடைக்கானல் என் ஊர். வயது 26, கோவையில் ஐடி வேலை. 'யுவர் நேம்' அனிமேஷன் படத்தின் கடைசிக் காட்சியில் வரும் படிக்கட்டு டோக்கியோவில் நிஜமாகவே இருக்கிறது. அதையும் அதுபோல இன்னும் சில இடங்களையும் பார்க்க மூன்று வருடமாகப் பணம் சேர்த்திருக்கிறேன். அப்பா டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். அந்தப் படிக்கட்டின் போட்டோவைக் காட்டியபோது, "நம்ம குணா குகைக்கு வர்றாங்களே, அது மாதிரியாப்பா?" என்றார். அவருக்கு இதெல்லாம் புரியாது என்பதால், கம்பெனி டிரெய்னிங்குக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டேன். ஒரு கார்ட்டூனுக்காக இரண்டு லட்சம் செலவழிப்பது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: போய் வாருங்கள் தம்பி. கடன் வாங்காமல் சொந்தச் சம்பளத்தில் சேர்த்த காசு. அதில் நான் பேச எதுவும் இல்லை. "அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அப்பா கேட்ட கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இதைவிடச் சரியாக யார் கேட்டுவிட முடியும்? டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த இடம், 1991-இல் 'குணா' வந்த பிறகு குணா குகை ஆனது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடி கூட்டம் அள்ளியது. படத்தில் பார்த்த இடத்தில் ஒரு நிமிடமாவது நின்றுவிட வேண்டும் என்று வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் உங்கள் அப்பாவின் பிழைப்பு. நான் அங்கே வந்தபோது கூட்டிப்போன டிரைவர், மரத்து வேர்கள் தரையெல்லாம் பின்னிக் கிடக்கும் இடத்தில் என் பேத்தியை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லி, தானே குனிந்து போட்டோ எடுத்துக் கொடுத்தார். எங்கே நின்றால் படத்தில் வந்த மாதிரியே இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அப்படி ஒரு தொழில் செய்கிறவரைத்தான் புரியாது என்கிறீர்கள். அந்தக் காரின் சம்பாத்தியத்தில் படித்துவிட்டு.

நீங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு போகவே விஷயம் இருக்கிறது. டோக்கியோவின் யொட்சுயா பகுதியில் சுகா கோயிலை ஒட்டிய அந்தச் சிவப்புக் கைப்பிடிப் படிக்கட்டு, ஜனங்கள் குடியிருக்கும் தெருவில் இருக்கிறது. காய்கறிப் பையோடு ஏறி இறங்குகிற வழி. டோக்கியோவுக்குப் பக்கத்து ஊரான காமகுராவில் 'ஸ்லாம் டங்க்' அனிமேஷன் தொடரின் தொடக்கத்தில் வரும் ரயில்வே கேட்டுக்கும் போவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே போட்டோவுக்காக ஆட்கள் நடு ரோட்டில் நின்று நின்று, காவலுக்கு ஆள் போடும் அளவுக்குப் போய்விட்டது. வாசலில் வந்து நிற்கும் கூட்டம் ஊர்க்காரர்களை என்ன பாடு படுத்தும் என்று, சீசன் நேரத்தில் ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போகிற உங்கள் வீட்டுக்குத் தெரியாதா? கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்ததே அதனால்தானே.

அப்புறம் அந்தப் பொய். ஜப்பான் விசா விண்ணப்பத்தில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால் 'சுற்றுலா' என்று உண்மையைத்தானே எழுதுவீர்கள்? முகம் தெரியாத அதிகாரிக்கு உண்மை, பெற்றவருக்கு டிரெய்னிங்கா? இப்படிக் கதையில் வந்த இடங்களைப் பார்க்கப் போவதை ஜப்பானில் 'செய்ச்சி ஜுன்ரெய்' என்கிறார்கள்; புண்ணியத் தலங்களுக்கு யாத்திரை போவது என்று அர்த்தம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களை உங்கள் மலையடிவாரத்தில் பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பெரியவர்கள் கையால் விபூதி பூசிக்கொள்ளாமல் கிளம்ப அவர்களுக்கு மனசு வருமா? பிள்ளை எந்த நாட்டில், எதற்காக இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு. பிள்ளைக்கு 26 வயதானாலும் 46 வயதானாலும் இதில் நான் மாறமாட்டேன். அங்கே காய்ச்சலில் படுத்து நீங்கள் இரண்டு நாள் போன் எடுக்காவிட்டால், கம்பெனிக்குத்தான் போன் போட்டு விசாரிப்பார். "அப்படி யாரையும் அனுப்பவில்லையே" என்று அவர்கள் சொல்லும்போது அந்த மனிதர் எப்படி நிற்பார், யோசித்தீர்களா?

டிக்கெட் போடும் முன் ஊருக்குப் போங்கள். சவாரி இல்லாத காலை நேரமாகப் பார்த்து, காரில் முன் சீட்டில் உட்கார்ந்து அப்பாவோடு 12 மைல் ரோட்டை ஒருமுறை சுற்றுங்கள். டிரெய்னிங் என்று சொன்னது பொய் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் படிக்கட்டு போட்டோவை மறுபடி எடுத்துக் காட்டி, "ஆமாப்பா, குணா குகை மாதிரிதான்" என்று அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே கேட்பார்.