வேலை கேட்டுப் போவது

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு நான்கு வருடங்களாக மொழிபெயர்ப்பும் விளம்பர எழுத்தும் செய்கிறேன். கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுதான் மாதாமாதம் வேலை கொடுத்தது. போன மாதம் நிறுத்திவிட்டார்கள். முப்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. நேரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இந்தச் சின்ன ஊரில் எழுத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? கோலாலம்பூருக்கே போய்விடலாமா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் 'கூச்சம்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நானும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு முடிந்ததும், கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் முன்னால் அப்பா கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். கேட்பது என்றாலே கையேந்துவது என்று நமக்குள் பதிந்துவிட்டது.

நம் ஊர்க்காரர், அரசியல் தலைவர் துன் சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர்கள் விட்டுப்போன தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் கேட்டார். அப்போது அவர் மந்திரி. இந்தக் காசில் உங்கள் தோட்டத்தை நீங்களே வாங்கலாம் என்று சொல்ல முடிந்ததால் அவரால் தயங்காமல் கேட்க முடிந்தது.

சரி, உங்கள் முப்பது மின்னஞ்சல்கள். எல்லாருக்கும் ஒரே கடிதம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். 'நான் எழுதுகிறேன், வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்றால், உங்களுக்கு என்ன வேலை தரலாம் என்று அவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? ஐந்து பேருக்கு எழுதுங்கள், போதும். ஒவ்வொருவரிடமும் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு குறையைச் சொல்லுங்கள்.

உள்ளூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பல் கிளினிக்கில். சுவரில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பு, மலாயிலிருந்து யாரோ அவசரமாக மாற்றியது. பல் பிடுங்கிய பிறகு சாப்பிட வேண்டிய மாத்திரையை முன்பே சாப்பிடச் சொன்னது. எனக்குப் பகீரென்றது. வீட்டுக்கு வந்து அரைப் பக்கம் திருத்தி எழுதி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மலாயிலும் தமிழிலும் துண்டறிக்கைகள் வேண்டுமாம். அந்த டாக்டர் சொல்லி ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை வந்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் தமிழ்ப்பள்ளி வாரியத்திலும் இருந்தார், அப்புறம் பள்ளியின் ஆண்டு மலர் வந்தது. இப்படித்தான் சின்ன ஊரில் வேலை நகரும். ஆனால் அரைப் பக்கத்துக்கு மேல் இலவசமாக எழுதாதீர்கள். அதற்குப் பிறகு பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான்.

பழைய நிறுவனத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எங்கே? யாராவது வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் முதல் கடிதம். உங்கள் கை எப்படி என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தீபாவளி விளம்பர வேலையை ஐப்பசியில் கேட்டால் கிடைக்காது, ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்கும் ஒரு காலத்தில் ஒரே நிறுவனம்தான் சோறு போட்டது. மூன்று மாதப் பில்லைக் கொடுக்காமல், போனையும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்த வருடம் ஓடியது. அதிலிருந்து என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாரிடமிருந்தும் வர விடுவதில்லை.

எஸ்.எஸ்.எம். என்கிற கம்பெனிப் பதிவு ஆணையத்தில் உங்கள் தொழிலைப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வேறு பெயர் வைத்தால் 60. முறையான பில் இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகள் பணம் தரத் தயங்கும்.

கோலாலம்பூருக்குக் குடிபோக வேண்டாம். அங்கே வாடகை கட்டவே பாதி நாள் எழுத வேண்டியிருக்கும். கோலாலம்பூர் போகும் ஈ.டி.எஸ். மின்சார விரைவு ரயில் நம் ஊரில் நிற்கிறது. மாதம் ஒருமுறை போய் நாலு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

அந்த ஐந்து கடிதங்களையும் எழுதியதும், அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா